டிஆர்சி உத்தரவு: தண்டனையா, சிகிச்சையா?

சாங்கி சிறை வளாகத்துக்குள் இருக்கும் எல்லாரும் நீதிபதி தண்டனை விதித்து உள்ளே சென்றவர்கள் அல்லர். அவர்களில் ஒரு பகுதியினர் அந்த வழக்குக்காக நீதிமன்றப் படி ஏறாதவர்கள். போதைப்பொருள் உட்கொண்டது பரிசோதனையில் உறுதியானதால், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் இயக்குநர் பிறப்பித்த உத்தரவின்பேரில் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அந்த நிலையத்தைத்தான் பேச்சு வழக்கில் ‘டிஆர்சி’ என்கிறார்கள்.

உறவினர்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ‘உள்ளே போயிட்டான்’ என்ற ஒரே சொல்லில் விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் பெரிது. டிஆர்சியில் சேர்க்கப்படுவது குற்றத்தீர்ப்பு ஆகாது; அதனால் குற்றப் பதிவும் ஏற்படாது. வெளியே வந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் ஓர் இளையருக்கு இந்த ஒரு வேறுபாடே எதிர்காலத்தை மாற்றக்கூடியது. அதே சமயம், டிஆர்சியில் இருந்த காலம் அழிந்துபோவதும் இல்லை. பிற்பாடு நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், முன்பு எத்தனை முறை அங்கு இருந்தார் என்பது கணக்கில் வரும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் தாமதமாகத்தான் அறிந்துகொள்கிறார்கள்.

உத்தரவு எப்படி வருகிறது

போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1973ல் நடப்புக்கு வந்தது. அதன் 34ஆம் பிரிவுதான் டிஆர்சியின் அடிப்படை. சந்தேகத்தின்பேரில் பிடிபடுபவரின் சிறுநீர் முதலில் கருவியில் சோதிக்கப்படும். அதில் போதைப்பொருள் தென்பட்டால், சுகாதார அறிவியல் ஆணையத்தில் இரு வெவ்வேறு பகுப்பாய்வாளர்கள் தனித்தனியே சோதிப்பார்கள். இரண்டு முடிவுகளும் ஒத்துப்போக வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கோ கண்காணிப்புக்கோ அவரை உட்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. இவற்றின் அடிப்படையில், சிகிச்சையும் மறுவாழ்வும் தேவை என்று இயக்குநர் கருதினால் உத்தரவு பிறப்பிக்கிறார்.

நீதிபதி இல்லாததால் விசாரணை இல்லை, குற்றச்சாட்டு வாசிக்கப்படுவதில்லை, வழக்கமான பிணை நடைமுறையும் இல்லை. பிள்ளை பிடிபட்ட மறுநாளே வழக்கறிஞரைத் தேடி ஓடும் பெற்றோருக்கு இது புரிபடச் சற்று நேரம் பிடிக்கும். எத்தனை மாதம் என்று தொடக்கத்திலேயே ஒரே எண்ணில் பதில் கிடைப்பதும் அரிது. முதன்முறை வருபவர் ஓராண்டு அல்லது அதற்குமேல் இந்த ஏற்பாட்டின்கீழ் இருப்பார். திரும்பத் திரும்ப வருபவருக்குக் காலம் கூடும். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு நான்கு ஆண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குமுன் அது மூன்று ஆண்டாக இருந்தது. யாரை எப்போது விடுவிப்பது, யாருக்குக் காலத்தை நீட்டிப்பது என்பதை நிலையத்தின் மறுஆய்வுக் குழு முடிவு செய்யும்.

உள்ளே நடப்பது என்ன

டிஆர்சியை நடத்துவது சிங்கப்பூர்ச் சிறைத்துறை. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வைக்கப்படுகிறார்கள். அறை, சீருடை, பூட்டு, எண்ணிக்கை எடுப்பு எல்லாம் சிறையின் ஒழுங்குதான். சிகிச்சை நிலையம் என்றதும் மருத்துவமனைப் படுக்கையைக் கற்பனை செய்துகொள்ளும் குடும்பங்கள் முதல் சந்திப்பின்போதே அந்த எண்ணத்தை விட்டுவிடுகின்றன.

தொடக்க காலத்தில் சிகிச்சை என்பது பெரும்பாலும் உடலைச் சார்ந்தே இருந்தது. ஹெராயின் பழக்கத்தோடு வந்தவருக்கு மாற்று மருந்து கிடையாது. வயதானவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் தவிர மற்றவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பு வலி, தூக்கமின்மை அனைத்தையும் ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கித்தான் கடக்க வேண்டும். ‘கோல்ட் டர்க்கி’ என்று அன்று வந்தவர்கள் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூரும் கட்டம் அது. அதன்பின் அறிவுரை, உடற்பயிற்சி, கட்டொழுங்கு, வேலை என்று நாள்கள் நகரும். 1977 ஏப்ரலில் ‘ஆப்பரேஷன் ஃபெரட்’ எனும் பெரும் சோதனை நடவடிக்கை தொடங்கி, ஹெராயின் பழக்கம் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டபோது, அவ்வளவு பேரையும் உள்ளே வைத்து நடத்தக்கூடிய முறையாக அதுதான் இருந்தது.

உடல் சுத்தமானது, பலரின் மனம் மாறவில்லை. 1990களில் ஆண்டுக்கு 6,000க்கும் அதிகமானோர் கைதான காலமும் இருந்தது. டிஆர்சியிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் மீண்டும் பழக்கத்தில் விழுந்தார்கள்.

இன்றைய முறை வேறு. 2014ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, சேர்க்கப்படும் ஒவ்வொருவரும் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பும் அபாயம் எவ்வளவு, அவருக்கு என்ன தேவை என்று மதிப்பிடப்படுகிறது. குறைந்த அபாயம் உள்ளவரும் பத்து ஆண்டுகளாக ஊசி போட்டவரும் ஒரே வகுப்பில் உட்கார்வதில்லை. உளவியல் அடிப்படையிலான திருத்தத் திட்டங்கள் தீவிரத்துக்கேற்பப் பிரிக்கப்பட்டுள்ளன. சிறைத்துறையின் உளவியலாளர்களும் மறுவாழ்வு நிபுணர்களும் சிறு குழுக்களாக அவற்றை நடத்துகிறார்கள்.

குழுவில் பேசப்படுபவை மிகச் சாதாரண விஷயங்கள். சம்பள நாள் அன்று மனம் எங்கே போகிறது? வீட்டில் சண்டை வந்தால் முதலில் யாருக்குத் தொலைபேசியில் அழைக்கத் தோன்றுகிறது? பழைய நண்பன் புளோக்கின் கீழ்த்தளத்தில் காத்திருந்தால் என்ன சொல்லி நகர்வது? தூண்டுதலை அடையாளம் காண்பது, அது ஏறி இறங்கும்வரை பொறுத்திருப்பது, மறுக்கப் பழகுவது. பயிற்சியின் சாரம் இதுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகாத ஒருவருக்கு அது மொழி கற்பதைப் போன்றது. பூட்டிய அறைக்குள் கற்ற பாடத்தைத் திறந்த தெருவில்தான் எழுதிப் பார்க்க முடியும். உள்ளிருக்கும் சிகிச்சையின் அடிப்படைச் சிக்கலும் அதுவே.

மாற்று மருந்து ஏன் இல்லை

பல நாடுகளில் ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் போன்ற மாற்று மருந்துகள் தரப்படுகின்றன. அண்டை நாடான மலேசியாவில், கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறையில் 2008லேயே மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. சிங்கப்பூர் அந்த வழியில் செல்லாததற்கு ஒரு கசப்பான அனுபவமும் காரணம்.

2000களின் தொடக்கத்தில் ‘சுபுடெக்ஸ்’ என்ற பெயரில் பியூப்ரனார்ஃபின் மாத்திரையை இங்குள்ள தனியார் மருந்தகங்களிலும் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். நாக்கின் அடியில் வைத்துக் கரைக்க வேண்டிய மாத்திரையைச் சிலர் நீரில் கரைத்து, தூக்க மருந்தோடு கலந்து ஊசியாக ஏற்றினார்கள். நரம்பு கெட்டு, கை கால் புண்ணாகி, உயிர் போனவர்களும் உண்டு. 2006 ஆகஸ்ட் 14ல் அது ‘ஏ’ பிரிவு போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. மருந்தாக வாங்கியவர்கள் ஒரே நாளில் சட்டத்தின் மறுபக்கத்தில் நின்றார்கள். மருந்து தவறா, கண்காணிப்பில்லாமல் கொடுத்த முறை தவறா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கண்காணிப்புக் குறையும் அதில் பெரும் பங்கு வகித்தது என்பதை மறுக்க முடியாது.

இப்போது பிடிபடுபவர்கள் அதிகம் பயன்படுத்துவது ஹெராயின் அல்ல, ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின். ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல இதற்கு நிலைபெற்ற மாற்று மருந்து எங்குமே இல்லை. ஆக, உளவியல் பயிற்சியையே நம்ப வேண்டியுள்ளது.

நீதிமன்றம் எங்கே வருகிறது

போதைப்பொருள் உட்கொள்வது குற்றம் என்பதில் மாற்றமில்லை. வழக்குத் தொடுக்கப்பட்டால் பத்து ஆண்டுவரை சிறை, 20,000 வெள்ளிவரை அபராதம். சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அதே குற்றம்தான். ‘ஜோகூரில்தானே’, ‘பேங்காக்கில்தானே’ என்ற சமாதானம் எடுபடாது.

1998ல் நீண்டகாலச் சிறைத்தண்டனை அறிமுகமானது. டிஆர்சிக்கோ சிறைக்கோ முன்னரே இருமுறை சென்றவர் மீண்டும் சிக்கினால் ஐந்து முதல் ஏழு ஆண்டு சிறை, மூன்று முதல் ஆறு பிரம்படி. அதற்குப் பிறகும் சிக்கினால் ஏழு முதல் பதின்மூன்று ஆண்டு சிறை, ஆறு முதல் பன்னிரண்டு பிரம்படி. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. முதலில் ஹெராயின் போன்றவற்றுக்கு மட்டும் இருந்த இந்தத் தண்டனை, பின்னர் செயற்கைப் போதைப்பொருள்களுக்கும் விரிந்தது. பிள்ளை தொடக்கப்பள்ளியில் இருந்தபோது உள்ளே போன தந்தை, அந்தப் பிள்ளை தேசிய சேவை முடிக்கும் வயதில் வீடு திரும்புவார்.

2019 திருத்தம் இந்த இடத்தில் ஒரு கதவைத் திறந்தது. மூன்றாம் முறையோ அதற்கு மேலோ பிடிபட்டாலும், உட்கொண்டதைத் தவிர வேறு குற்றம் இல்லாமல், அதை ஒப்புக்கொள்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் டிஆர்சியில் சேர்க்கலாம். விற்றவர், திருடியவர் போன்ற வேறு குற்றமும் புரிந்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். போதைப்பழக்கத்தை மட்டும் தனித்துப் பார்க்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது சிறிய மாற்றமன்று.

மலேசியாவில் ஏற்பாடு வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதைப்பழக்கத்துக்கு ஆளானவர் என்று மருத்துவ அதிகாரி சான்றளித்தவரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு ஆண்டு மறுவாழ்வு மையமா, வெளியே கண்காணிப்பா என்பதை உத்தரவிடுபவர் அவர்தான். யார் உத்தரவிட்டாலும் கட்டாயச் சிகிச்சை கூடாது என்ற வாதமும் உண்டு. கட்டாயத் தடுப்பு மறுவாழ்வு மையங்களை மூட வேண்டும் என்று 2012ல் 12 ஐநா அமைப்புகள் கூட்டாகக் கோரின. அந்த நெருக்குதலுக்கு சிங்கப்பூர் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

வெளியே வந்த பிறகு

டிஆர்சி உத்தரவின் கடைசிப் பகுதி பெரும்பாலும் சுவருக்கு வெளியேதான். தகுதி பெறுபவர் மின்னணுக் கண்காணிப்புப் பட்டையோடு வீட்டில் இருக்கலாம். இல்லையேல் ‘ஹாஃப்வே ஹவுஸ்’ எனப்படும் மறுவாழ்வு இல்லத்தில் தங்கி வேலைக்குச் சென்று வரலாம். இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ‘ஆசிரமம்’ அத்தகைய இல்லங்களில் ஒன்று. 21 வயதுக்குட்பட்டவர்களில் மிதமான அபாயம் உள்ளவர்களுக்காகச் சமூக மறுவாழ்வு நிலையம் 2014 முதல் இயங்குகிறது. குறுகிய காலம் டிஆர்சியில் இருந்தபின் அங்கே தங்கி, பள்ளிக்கோ வேலைக்கோ போய்வர முடியும்.

விடுதலைக்குப் பின் கண்காணிப்பு. 2019க்குமுன் இரண்டு ஆண்டாக இருந்தது இப்போது ஐந்து ஆண்டு. குறித்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும். வராமல் இருப்பதே தனிக் குற்றம்: நான்கு ஆண்டுவரை சிறை, 10,000 வெள்ளிவரை அபராதம். வேலை நேரம் ஒத்துவராமல் பரிசோதனையைத் தவறவிட்டு, போதைப்பொருளைத் தொடாமலேயே மீண்டும் சிக்கலில் மாட்டும் அபாயம் உண்டு. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதா, மறைப்பதா என்ற தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

பலன் உண்டா? விடுதலையான இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் உள்ளே வருவோரின் விகிதம், சிறை, டிஆர்சி இரண்டையும் சேர்த்து, 1998ல் விடுதலையானவர்களிடையே 44.4 விழுக்காடு. அண்மை ஆண்டுகளில் அது 20 விழுக்காட்டை ஒட்டி உள்ளது. இந்த இறக்கம் உண்மையானது. ஆனால் ஐந்து ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கும் மேல் திரும்பி வருகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் கண்டம் கழிந்தது என்று உறவுகள் மூச்சுவிடும் நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பது அதன் பொருள்.

இந்தியச் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. கைதாகும் போதைப் புழங்கிகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள விகிதத்தைவிட நீண்டகாலமாகவே கூடுதலாக இருந்துவருகிறது. புதிதாகப் பிடிபடுவோரில் சுமார் பாதிப் பேர் 30 வயதுக்குட்பட்டவர்கள்.

அப்படியிருந்தும் வீட்டில் ஒருவரிடம் பழக்கம் தெரிந்தவுடன் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் செய்வது மறைப்பதுதான். மனநலக் கழகத்தில் உள்ள தேசிய போதைப் பழக்க நிர்வாகச் சேவைப் பிரிவு 2008 முதல் சிகிச்சை தருகிறது. அங்கே போகலாமா என்று யோசிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று ஒரு மருத்துவர் கருதினால், ஏழு நாளுக்குள் அவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அது தெரிந்து தயங்குவோர் உண்டு. தெரியாமல் போய்ப் பிறகு அதிர்ந்தவர்களும் உண்டு. ஆனால் காத்திருப்பதற்கும் விலை இருக்கிறது. முதல் முறை பிடிபடும்போது கையில் இருப்பது ஓராண்டு டிஆர்சி உத்தரவு. பழக்கம் முற்றி, அதற்குப் பணம் தேட அவர் விற்கத் தொடங்கிவிட்டால், அடுத்து முடிவெடுப்பது நீதிபதி.