கண்ணாடியில் செருப்புத் தைப்பவர்கள்

எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளுக்கான பைபிள்தான் கோயில்களின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் என்று சொல்வாங்க. இந்தப் பேச்சில் ஒரு வசதி இருக்கு. ஏழை வெறுமனே பார்க்கிறவன், சாமியார் சொல்லிக்கொடுக்கிறவர் என்றாகிவிடுகிறது. சன்னலுக்குள்ளேயே உழைப்பாளி உட்கார்ந்திருக்கிறானே, அவன் எப்படி அங்கே வந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

பிரான்சில் பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள சார்த்ர் நகரத்து மாதா பேராலயத்தை எடுத்துக்கொள்வோம். 1194இல் தீக்கிரையானபின் திரும்பக் கட்டப்பட்டது. அதன் சன்னல்களில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தவை. பல சன்னல்களின் அடியில் ரொட்டி சுடுகிறவர், தச்சர், தண்ணீர் சுமக்கிறவர் எல்லாம் தங்கள் வேலையோடு இருக்கிறார்கள். ‘நல்ல சமாரியன்’ சன்னலின் அடியில் இருப்பவர்கள் செருப்புத் தைப்பவர்கள்.

அந்தச் சன்னலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எருசலேமிலிருந்து கிளம்பிய வழிப்போக்கனைக் கள்ளர் அடித்துப் போடுகிறார்கள். குருவும் லேவியனும் பார்த்தும் பாராமல் போகிறார்கள். சமாரியன் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறான். அதற்கு மேலே ஆதாம் ஏவாள் படைப்பு, விலக்கப்பட்ட கனி, தோட்டத்தைவிட்டுத் துரத்தப்படுவது, காயின் ஆபேலைக் கொல்வது. உச்சியில் கிறிஸ்து.

இரண்டு கதைகளும் ஒட்டுவதற்குக் காரணம் திருச்சபையின் பழைய வியாக்கியானம். வழிப்போக்கன் ஆதாம், எருசலேம் பரதீசு, கள்ளர் பிசாசுகள், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை.

அழகான விளக்கம்தான். ஆனா இதில் ஒன்று கரைந்துபோகிறது. யூதர் ஒட்டும் உறவும் வேண்டாமென்று ஒதுக்கிய இனம் சமாரியர். ஒதுக்கப்பட்டவன் கை மேல்குலத்துக்காரன் காயத்தைத் தொடுகிறது, அவன் காசு சத்திரத்துக்குப் போகிறது. குருமாரைக் குத்தும் கதை அது. சமாரியனைக் கிறிஸ்துவாக்கியதும் அவன் பிறப்பு மறைந்துபோகிறது. குருமார் குற்றமும் கூடவே மறைந்துபோகிறது.

அடியில் இருக்கும் செருப்புத் தைப்பவர்களுக்கும் இதே கதிதான். பக்தியோடு காணிக்கை கொடுத்தார்கள், அதனால் படத்தில் இடம் கிடைத்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். அந்தப் படங்கள் தொழிலாளர் குரலல்ல, அவர்கள் எப்படி இருக்கவேண்டும் என்று கோயில் குருமார் விரும்பினார்களோ அந்தச் சித்திரம் என்பது அவர் வாதம். 1210இல் அந்நகர மக்கள் குருமாருக்கு எதிராகக் கலகம் செய்து தலைமைக் குருவின் வீட்டைத் தாக்கினார்கள். அந்தக் கலகம் எந்தச் சன்னலிலும் இல்லை.

அங்கே தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் அல்ல. அதனால் கோயில் கண்ணாடியில் அவனுக்கு இடம் இருந்தது. அதே பிரான்சிலிருந்து நெல்லைச் சீமைக்கு வந்த சேசுசபையார் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில் எப்படி இருந்தது? ஒரே பீடம். அதை நோக்கிக் கால்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு கூடங்கள். வேளாளர் ஒரு பக்கம், நாடார்கள் மறுபக்கம், நடுவில் சுவர். 1910இல்தான் சுவர் இடிந்தது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற குறியீடு அந்தச் சுவர். அதற்கு எந்தச் சாமியாரும் வியாக்கியானம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கோயில் கலை பற்றி எழுதுகிற நம்ம மாணவர்கள் சுரூபத்தையும் கண்ணாடியையும் பார்த்ததோடு நிற்க வேண்டாம். யார் எந்த வாசலில் நுழைந்தார்கள், எங்கே நிறுத்தப்பட்டார்கள், கல் சுமந்தவர்கள் யார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். குருமாரின் ஏடுகளில் இது கிடைப்பது அரிது.