தொடர்பெருக்கத்துடன் ஒன்று: பிள்ளை எழுப்பிய வினா

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுகின்ற முதன்மை எண்ணை, அதன் காரணிகளைத் தேடாமலே இனங்காண உதவும் விதியொன்று 1770இல் எட்வர்ட் வாரிங் வெளியிட்ட நூலில், அவருடைய மாணவர் வில்சனின் பெயரோடு இடம்பெற்றது. ஓர் எண்ணுக்கு முந்திய எண்கள் அனைத்தையும் ஒன்றிலிருந்து பெருக்கி, வரும் தொகையுடன் 1ஐக் கூட்ட, விடை அந்த எண்ணால் வகுபடுமாயின் அது முதன்மை எண்; வகுபடாவிடின் அன்று. 7க்கு முந்திய ஆறு எண்களின் பெருக்கம் 720. ஒன்று கூட்டிய 721, ஏழால் வகுபடுகிறது. அடுத்த ஆண்டே லக்ராஞ்சு நிறுவிய இவ்விதி, குறைபாடற்றதாயினும், இருபது இலக்க எண்ணொன்றில் அப்படியே கையாள முற்படுவோரைக் கோடிகோடிக்கும் மேற்பட்ட பெருக்கல்களுக்குள் தள்ளிவிடும் என்பதால், பெரிய எண்களுக்குச் சோதனையாக உதவவில்லை.

ஆயினும் இத்தகைய பெருக்கம், அதாவது தொடர்பெருக்கம், ஒன்று கூட்டப்பட்ட நிலையில் தென்னிந்தியக் கணிதரை விடாது ஈர்த்தது. டெபுடி கலெக்டரான வி. இராமசுவாமி ஐயர் 1907இல் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில், வாசகர்கள் வினா எழுப்பவும் விடை அனுப்பவும் பகுதியொன்று இருந்தது. 4, 5, 7 வரையான தொடர்பெருக்கங்களுடன் ஒன்றைக் கூட்டினால் 25, 121, 5041 என நிறைவர்க்கங்கள் கிடைப்பதைக் காட்டி, வேறு எவை உள என்று இராமானுஜன் அங்கே 1913இல் கேட்டார். பிரான்சில் புரோக்கார் முன்னரே கேட்டிருந்த இவ்வினா இன்றும் தீரவில்லை.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளை, இதே எண்களைக் காரணிகளின் பக்கமிருந்து நோக்கினார். மூன்று வரையான பெருக்கத்துடன் ஒன்று சேர்ந்தால் 7. அதை மூன்றால் வகுக்க மீதி 1. ஐந்துக்குரிய 121, பதினொன்றின் வர்க்கம்; பதினொன்றை ஐந்தால் வகுக்கவும் மீதி 1. ஆறுக்குரிய 721இன் காரணிகளான 7, 103 ஆகிய இரண்டும் ஆறால் வகுக்க அதே மீதியையே தருகின்றன. ஏழுக்குரிய 5041, எழுபத்தொன்றின் வர்க்கமாகி அதே ஒழுங்கைக் காக்கிறது. இவ்வொழுங்கு என்றும் நிலைக்குமா என்பதே பிள்ளையின் வினா. எட்டிலேயே அது முறிகிறது: 40321 என்பது 61, 661 ஆகியவற்றின் பெருக்கம், இவ்விரண்டும் எட்டால் வகுக்க மீதி 5 தருவன. எளிதில் மறுக்கப்பட்ட வினாவெனினும், மறுப்பே புதியதோர் எண்குலத்துக்குப் பெயரிட்டது. ஒழுங்கை மீறும் முதன்மை எண்கள் இன்று ‘பிள்ளை முதன்மை எண்கள்’ எனப்படுகின்றன.

அவற்றுள் மிகச் சிறியது 23. பதினான்கு வரையான பெருக்கத்துடன் ஒன்று கூட்டிய 87178291201ஐ இருபத்துமூன்றால் வகுத்தால் 3790360487 கிடைக்கிறது. பத்து இலக்கமுள்ள இந்த ஈவும் முதன்மை எண்ணே. பதினான்கால் வகுக்க மீதி 11 வருவதால் இதுவும் அக்குலத்தைச் சேர்ந்ததாகிறது. சிறியதொன்றும் பெரியதொன்றும் ஒரே பெருக்கத்தில் இணைவது தற்செயலே, எனினும் பார்க்க அழகியது.

எண்களை அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதும் வாரிங்கின் கணக்கில் பெரும்புகழ் ஈட்டிய பிள்ளை, அமெரிக்காவில் நடந்த அனைத்துலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் 1950 ஆகஸ்ட் மாத இறுதியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவர் பெயர் தாங்கிய முதன்மை எண்கள் முடிவிலியாக உள்ளன என்பதை ஜி. ஈ. ஹார்டியும் (இராமானுஜனின் ஹார்டி அல்லர்) எம். வி. சுப்பாராவும் நிறுவி 2002இல் வெளியிட்டனர். முதன்மை எண்களுள் எத்தனை பங்கு அவ்வினத்தன என்பதற்கு நிறுவல் இன்னும் கிட்டவில்லை.