கொடுத்தது ராஜா, கட்டியது குடியானவன்

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம், தர்மபுரிப் பக்கத்துப் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே தர்மபுரிப் பக்கம் வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து குடியானவர்கள் பெயரிலேயே தீர்வை போட்டார்கள். தர்மபுரிக்குப் பக்கத்து அதியமான்கோட்டைக்காரர் கட்டிய கிஸ்திக்கு அன்று தொடங்கியது நீண்ட பயணம்.

கிராமத்தில் கணக்கெழுதக் கர்ணம். கச்சேரியில் காசைச் சுண்டி ஓசை கேட்டு, மட்டமானதைத் தள்ளிவிட சராப்பு. அங்கிருந்து சேலம் கஜானா, பிறகு சென்னை.

சென்னையில் 1801-ல் சுப்ரீம் கோர்ட் திறந்தது. தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் முதல் தலைமை நீதிபதி. நீதிபதிகளை நியமித்தவர் இங்கிலாந்து அரசர். ஓய்வு பெற்றுக் கப்பலேறினால் பென்ஷனும் அரசர் பெயரில்தான். ஆனால் 1797, 1825 சட்டங்கள் அந்தச் செலவை எழுதிவைத்தது கம்பெனியின் இந்திய வருவாயில். கையொப்பம் அவருடையது, பணம் நம்முடையது. வள்ளல் அதியமான் ஊரில் இதைக் கொடை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் கோர்ட்டின் அதிகாரம் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்துக்கும் வெள்ளைக்காரர்களுக்கும்தான். நம் குடியானவரின் வரப்புத் தகராறு அதன் படியேறவே முடியாது. அது கம்பெனியின் ஜில்லா கோர்ட்டோடு சரி.

1858-க்குப் பிறகு ஆட்சி ராணியிடம் போனது. 1862-ல் ஹைகோர்ட் வந்தது. பென்ஷன் விதிகளை வகுப்பது லண்டனிலிருந்த இந்திய மந்திரியின் பொறுப்பானது. அந்தப் பென்ஷனுக்காக வெள்ளி ரூபாயை மூட்டை கட்டி லண்டனுக்கு அனுப்ப வேண்டியதில்லை. லண்டன் வியாபாரி அங்கே பவுண்டைக் கட்டிக் கவுன்சில் உண்டியல் வாங்குவார். அதைக் காட்டி இந்தியக் கஜானாவில் ரூபாய் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பவுண்டிலிருந்துதான் அங்கே வசித்தவர்களின் பென்ஷன் உட்படப் பல செலவுகள் நடந்தன. 1870-களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 10 ரூபாய். வெள்ளி விலை சரிய, 1890-களின் நடுவில் 17 ரூபாய்க்கு மேல். இடையில் 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை வாட்டி எடுத்தது. பவுண்டுக் கணக்கில் எழுதிய பென்ஷன் மட்டும் குறையவில்லை. தாதாபாய் நௌரோஜி இத்தகைய செலவுகளைச் செல்வச் சுரண்டல் என்றார். எனக்கும் வேறு பெயர் தோன்றவில்லை.

சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் 1895-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார். பென்ஷன் வாங்க அவருக்கு வாய்க்கவில்லை.

இன்று உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்தும், ஓய்வூதியம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்தும் போகிறது. அந்த ஓய்வூதியத்தை நாடாளுமன்றம் விவாதிக்கலாம். வாக்கெடுப்புக்கு விட முடியாது.