கவசத்தின் எடையும் காலாளின் கையும்: ஆவடியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில், ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியைக் கொண்டு அப்துல் ஹமீது பாட்டன் டாங்கிகளை வீழ்த்தி, அங்கேயே உயிர்நீத்தார். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று, ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எளிய படைக்கலம் ஏந்திய காலாளிடமிருந்து விலைமிக்க டாங்கியை எவ்வாறு காப்பது என்ற வினா அதனுடனேயே பிறந்தது எனலாம்.

1973 அக்டோபரில் சினாய்ப் பாலையில் அவ்வினா கூர்மை பெற்றது. எகிப்தியக் காலாட்படையினர் தோளில் சுமந்துவந்த ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் இஸ்ரேலிய டாங்கிகளைப் பெருமளவில் அழித்தன. கூம்பு வடிவ வெடிமருந்து உருவாக்கும் உலோகத்தாரை தடித்த எஃகையும் துளைத்தது.

ஆவடி அளித்த விடை கலப்புக் கவசம். ஏறத்தாழ 39 டன் எடையுள்ள விஜயந்தாவை அடுத்து, காஞ்சன் கவசம் பூண்ட அர்ஜுன் 58.5 டன்னாயிற்று, 2021 செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு ஆணை பெற்ற அர்ஜுன் மார்க் 1ஏ 68 டன்னை எட்டியது. கூடிய எடை முழுவதும் கவசத்தால் வந்ததன்று. எனினும் பாலங்களும் இரயில் பெட்டிகளும் தாங்கும் அளவே காப்பின் எல்லையாயிற்று.

மாற்று வழியை 1970களின் இறுதியில் சோவியத் ஒன்றியம் முயன்றது. வரும் எறிபடையை ரேடாரால் கண்டு, எதிர் ராக்கெட்டை ஏவி வழியிலேயே சிதைக்கும் ‘த்ரோஸ்த்’ அமைப்பு டி-55 டாங்கிகளில் பொருத்தப்பட்டது. அது முன்புறத்தை மட்டுமே காத்தது. அதன் சிதறல்கள் அருகில் நடந்த சொந்தக் காலாட்படைக்கே ஊறு விளைவிக்க வல்லவை. இஸ்ரேலின் ‘டிராபி’ 2011 மார்ச்சில் காசா எல்லையருகே முதன்முறையாகப் போர்க்களத்தில் ராக்கெட்டை இடைமறித்தது.

ஜெர்மானிய வடிவமைப்பான ‘ஆமாப்-ஏடிஎஸ்’ காப்பைத் தனித்தனிக் கூறுகளாகப் பகுத்தது. வாகனத்தைச் சுற்றி அமையும் ஒவ்வொரு கூறும் தனக்குரிய திசையைக் காக்கும். எறிபடை மிக அண்மையில் வந்த பின்னரே செயற்படும். ஆதலின் டாங்கிக்கன்றி இலகு வாகனங்களுக்கும் அது பொருந்துகிறது. காப்பின் அளவுகோல் எஃகின் தடிமனிலிருந்து நொடியின் பின்னத்திற்கு மாறியது.

ஆயினும் டாங்கி தனித்துப் போரிடுவதில்லை. அதனை அன்று வீழ்த்தியவன் காலாள். இன்று அதன் காப்பினால் இடருக்கு உள்ளாகக்கூடியவனும் காலாளே. ஆகவே, உள்ளிருக்கும் நால்வரோடு அருகில் நடப்பவனையும் கணக்கிலெடுக்காத எந்தக் கவச வரலாறும் முழுமையடையாது.