வண்டி மை முதல் ஆயில் ஃபில்டர் வரை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்கா மகன் போன் பண்ணினான். சென்னையிலிருந்து அவன் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் வந்தவன், பெருமாளைச் சேவிச்சு, எங்க தோட்டத்துல சாப்பிட்டுட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகல.

"மாமா, கொள்ளிடம் பாலம், டோல்கேட் எல்லாம் தாண்டியாச்சு. சமயபுரம்கிட்ட சிவப்பா ஒரு லைட் எரிஞ்சுது, எண்ணெய்க் குடுவை மாதிரி படம். அடுத்த பங்க்ல பாத்துக்கலாம்னு ஓட்டினேன். இப்ப வண்டி நின்னுடுச்சு. செல்ஃப் எடுக்கவே மாட்டேங்குது."

"ஆயில் எப்படா மாத்தினே?"

"நேத்துதான் மாமா. இங்க திருச்சியிலயே."

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து கழட்டிப் பார்த்தப்ப அதுதான். ஆயில் ஃபில்டர் வாயில ஒரு ரப்பர் ரிங் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழட்டும்போது அந்த ரிங் இன்ஜின்லயே ஒட்டிக்கிச்சு. அதைக் கவனிக்காம, புது ரிங்கோட வந்த புது ஃபில்டரை அதுமேலயே வச்சு முறுக்கிட்டாங்க. ரெண்டு ரிங் ஒண்ணுமேல ஒண்ணு. ஊருக்குள்ள மெதுவா ஓட்டுற வரைக்கும் தாங்கும். நாற்கர சாலையில வேகம் ஏறினதும், ஆயில் அழுத்தத்துல ரிங் பிதுங்கி, கொஞ்ச நேரத்துல மொத்த ஆயிலும் ரோட்டுல. இன்ஜின் ஜாம். செலவு அவனுக்கு நாலு மாசச் சம்பளம்.

இன்ஜினைக் காப்பாத்தத்தான் ஆயில் மாத்துறோம். அந்த வேலையே இன்ஜினைக் கொல்றது எப்படி? இதை யோசிச்சப்ப, தாத்தா காலத்து மாட்டு வண்டியில இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு நடுவுல இருக்கிறது குடம். அதுக்குள்ள போற இரும்புத் தண்டு இருசு. சக்கரம் கழண்டு ஓடாம இருக்கக் கடையாணி. இருசும் குடமும் உரசற இடத்துக்கு வண்டி மை. வைக்கோலைக் கரிச்சு, அந்தக் கரியை விளக்கெண்ணெயில குழைச்சா வண்டி மை ரெடி. தாத்தா அதை ஒரு மூங்கில் குழாயில போட்டு வண்டிக்கு அடியில தொங்கவிட்டிருப்பார். மை காஞ்சா சக்கரம் 'கிரீச்'னு கத்தும். நிறுத்தி, கடையாணியை எடுத்து, சக்கரத்தைக் கொஞ்சம் இழுத்து, மையைத் தடவி, கடையாணியைத் திரும்பப் போட்டுத் தட்டிப் பார்ப்பார். தப்பு நடந்தா காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியும். மாடே ரெண்டு அடி முன்னாடி சொல்லிடும்.

1862ல நாகப்பட்டினத்துல இருந்து திருச்சிக்கு ரயில் வந்தது. இரும்பு வண்டி, நிலக்கரி, நீராவி எல்லாம் புதுசு. ஆனா 19ஆம் நூற்றாண்டுல இந்திய ரயில்கள் நிறைய நம்பியிருந்தது அதே விளக்கெண்ணெயைத்தான். ரயில் பெட்டிச் சக்கரங்களோட அச்சு முனையில ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுக்குள்ள எண்ணெயில ஊறின பஞ்சுக் கழிவைத் திணிச்சு வைப்பாங்க. எண்ணெய் தீர்ந்தா அச்சு சூடாகிப் புகையும். அதுக்கு ரயில்வேக்காரங்க வச்ச பேர் 'ஹாட் ஆக்சில்'. நிக்காம போற ரயிலுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்துல பச்சைக்கொடியோட நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கொடி காட்டுறது மட்டும் அவர் வேலை இல்ல. ஒவ்வொரு பெட்டியா எங்கேயாவது புகை வருதா, ஏதாவது தொங்குதான்னு பார்க்கவும்தான். ஓடுற அச்சைக் கண்ணால பார்க்கணும்னு ரயில்வேயிலும் ஒரு ஆளை நிறுத்தி வச்சிருந்தாங்க.

1928ல தென்னிந்திய ரயில்வேயோட பட்டறை நாகப்பட்டினத்தை விட்டு நம்ம பொன்மலைக்கு வந்தது. திருச்சிக்காரங்களுக்கு மெக்கானிக் வேலைன்னா என்னன்னு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் அதுதான்னு சொல்லலாம். எங்க பக்கத்துக் கிராமங்கள்ல வீட்டுக்கு ஒரு பொன்மலைச் சொந்தமாவது இருக்கும்.

வண்டி மையும் நீராவி இன்ஜின் எண்ணெயும் ஒரு விஷயத்துல ஒண்ணு. விட்ட எண்ணெய் வேலை செஞ்சு, ஒழுகித் தீர்ந்துடும். மறுபடி விடணும். 'மாத்துறது'ங்கிற பேச்சே பெருசா கிடையாது.

கார் வந்தப்பதான் இது மாறிச்சு. இன்ஜினுக்கு அடியில ஒரு மூடின தொட்டி, அதுதான் ஆயில் சம்ப். அதே எண்ணெய் திரும்பத் திரும்பச் சுத்தும். கரி, உலோகத் தூள், பெட்ரோல் எல்லாம் கலந்து கெட்டுப் போகும். அதனால அடியில ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு போல்ட், போல்ட்டுக்கு ஒரு வாஷர். 1908ல வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு டிப் ஸ்டிக்கூட கிடையாது. அடியில ரெண்டு சின்னக் குழாய் இருக்கும். வண்டிக்கு அடியில புகுந்து, அதைத் திறந்துதான் எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். 1909ல இங்கிலாந்துல வேக்ஃபீல்டு கம்பெனி தன் எண்ணெய்க்கு 'காஸ்ட்ரால்'னு பேர் வச்சது. அந்தப் பேர்ல இருக்கிற 'காஸ்டர்' நம்ம ஆமணக்குதான். 1920கள்ல அமெரிக்காவுல ஆயில் ஃபில்டர் வந்தது. அப்புறம் கையால முறுக்கிப் போடுற டப்பா ஃபில்டரும், அதோட வாயில ரப்பர் ரிங்கும்.

ஒவ்வொண்ணும் நல்லதுக்குத்தான் வந்தது. ஆனா ஒவ்வொரு படியிலும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிடுச்சு. இன்ஜின் தண்டு நிமிஷத்துக்கு 2,000, 3,000 தடவை சுத்துது. தண்டுக்கும் பியரிங்குக்கும் நடுவுல இருக்கிறது முடியைவிட மெல்லிசான ஒரு எண்ணெய்ப் படலம். அது அறுந்தா 'கிரீச்'னு கத்த நேரம் இருக்காது. தாத்தாவோட மாடு, ஸ்டேஷன் மாஸ்டரோட கண்ணு, எல்லாத்துக்கும் பதிலா நமக்கு மிஞ்சினது அந்த ஒரே ஒரு சிவப்பு லைட். அது எரிஞ்சா அடுத்த பங்க் கிடையாது, அந்த இடத்துலயே ஓரம் கட்டி நிறுத்தணும்.

இது படிக்காத பையன் செய்யற தப்புன்னு நினைச்சிடாதீங்க. 1983 மே 5ஆம் தேதி, மியாமியில இருந்து நஸ்ஸாவுக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம், மூணு இன்ஜின், 172 பேர். நடு இன்ஜின்ல ஆயில் அழுத்தம் குறைஞ்சுது. அதை நிறுத்திட்டு மியாமிக்கே திருப்பினாங்க. வழியில மத்த ரெண்டு இன்ஜின்லயும் ஆயில் இல்லைன்னு காட்டுச்சு. மூணுலயும் ஒரே நேரத்துல எப்படி இல்லாம போகும், மீட்டர்தான் கோளாறுன்னு விமானிகள் நினைச்சாங்க. அப்புறம் அந்த ரெண்டும் நின்னே போச்சு. கடைசியில முதல்ல நிறுத்தின நடு இன்ஜினை மறுபடி கிளப்பி, அது ஒண்ணுலயே இறக்கினாங்க. ஒருத்தருக்கும் அடி இல்ல.

காரணம்? ஆயில்ல இரும்புத் துகள் இருக்கான்னு பிடிக்கிற ஒரு காந்தத் துண்டை ராத்திரி மாத்தியிருக்காங்க. அதுல போட வேண்டிய ரப்பர் ரிங் மூணு இன்ஜின்லயும் இல்ல. எப்பவும் ரிங் மாட்டியே வர்ற சாமான், அன்னைக்கு மாட்டாம வந்திருந்தது. கசியுதான்னு சோதிக்கச் சில விநாடி சுழற்றியும் பார்த்தாங்க. அந்த நேரம் பத்தல. அமெரிக்க விசாரணைக் குழு அந்த மெக்கானிக்குகளோட நிறுத்தல. மேற்பார்வை பார்த்தவங்க கண்டிப்பா இல்ல, இதே மாதிரி முன்னாடியும் நடந்தும் நிர்வாகம் திருத்தலன்னு சேர்த்து எழுதினாங்க.

அக்கா மகனோட நான் அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஆயில் மாத்தினவனுக்கு 18 வயசு இருக்கும். முதலாளி எங்க முன்னாடியே அவனை அடிக்கக் கை ஓங்கினார். "நாளையில இருந்து வராதே"ன்னார். அக்கா மகனுக்கும் அதுதான் நியாயம்னு பட்டுது. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஏன்னா அந்தப் பையன் நான்தான்.

எனக்கு 16 வயசு. மேட்டூர் திறக்காத கோடை. வாழைக்குத் தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜினுக்கு ஆயில் மாத்துறேன்னு நானே இறங்கினேன். டிரெயின் போல்ட்டோட செப்பு வாஷர் மண்ணுல விழுந்ததைப் பார்க்கல. ராத்திரி பூரா சொட்டிச் சொட்டி, விடியக்காலம் இன்ஜின் இறுகிப் போச்சு. வேலை முடிய ஒன்பது நாள் ஆச்சு. குலை தள்ளுற நேரத்து வாழை, பாதி துவண்டு சாஞ்சுது. அப்பா என்னை அடிக்கல. ரிப்பேர் ஆகி வந்த அன்னைக்கு ஒரு சாக்கை விரிச்சார். "கழட்டினது எல்லாம் இதுமேல வரிசையா இருக்கணும். பழசை எண்ணு, அப்புறம் புதுசை மாட்டு"ன்னார். அவ்வளவுதான்.

முதலாளிகிட்ட அதைத்தான் சொன்னேன். "அண்ணே, அவனுக்கு யாராவது சாக்கு விரிச்சுக் கொடுத்தாங்களா? மாட்டினதுக்கப்புறம் நீங்க ஒரு தடவை குனிஞ்சு பார்த்தீங்களா?" அவர் பதில் சொல்லல. பையனும் போகல. செலவுல பாதி கடை ஏத்துக்கிச்சு, மீதி இவன்.

நீங்க அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது ரெண்டு வேலை பண்ணுங்க. பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி, அதுல ரப்பர் ரிங் இருக்கான்னு பாருங்க. அப்புறம் இன்ஜினைக் கிளப்பி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அடியில ஒரு பேப்பர் போட்டுப் பாருங்க. டிப் ஸ்டிக்கையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துடுங்க. கடையாணியைத் தட்டிப் பார்க்கிற அதே வேலைதான், வேற ஒண்ணும் இல்ல.

நேத்து அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அதே ஒர்க்‌ஷாப். தரையில ஒரு கோணிச் சாக்கு. அதுமேல பழைய ஃபில்டர், பக்கத்துல தனியா ஒரு ரப்பர் ரிங், ஒரு போல்ட், ஒரு வாஷர்.