1950: நத்ரா வழக்கும் நம் சமூகமும்

1950 டிசம்பர் 11 அன்று சிங்கப்பூர் உச்ச நீதிமன்றத்தின் முன் திரண்ட கூட்டத்தின் கோபம் கலவரமாக வெடித்தது. அது அடங்குவதற்குள் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இந்த வரலாற்றை எட்ட நின்று வாசிக்க முடியாது. நத்ரா செயற்குழுவை முன்னின்று நடத்திய பத்திரிகையாளர் கரீம் கனி நம்மவர்.

தொடக்கத்தில் இது ஒரு குடும்பத் துயரம். 1937இல் ஜாவாவில் டச்சுக் கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்த மரியா ஹெர்டோக், போர்க்காலம் தொட்டு சே அமினா என்ற மலாய்ப் பெண்மணியிடம் நத்ராவாக வளர்ந்தார். பெற்றவள், வளர்த்தவள் இருவரின் கண்ணீரும் உண்மையானது. மன்சூர் அடாபியுடன் நடந்த நத்ராவின் திருமணம் செல்லாது என்றும், அவரைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் டிசம்பர் 2ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு வரை அவர் தாம்சன் சாலையிலிருந்த கன்னிமாடத்தில் வைக்கப்பட்டார்.

அங்கே மாதா சிலைமுன் அவர் இருக்கும் படங்கள் நாளேடுகளில் வந்தன. முஸ்லிம்களின் நெஞ்சு கொதித்தது. இரு தரப்பு ஏடுகளும் தத்தம் வாசகரின் உணர்ச்சிக்கு எண்ணெய் ஊற்றின. ஒரு பெண்ணின் வழக்கு இரு சமயங்களின் போராயிற்று. தீர்ப்பு பலருக்குச் சதியாகவே பட்டது. வழக்கோடு தொடர்பே இல்லாத ஐரோப்பியரும் யுரேசியரும் தெருவில் தாக்கப்பட்டனர். அவர்களை ஒளித்துவைத்துக் காத்த முஸ்லிம்களும் இருந்தார்கள்.

மனக்குறை நியாயமானதுதான். சமூகப் பற்று இல்லாமல் சங்கமும் இல்லை. ஆனால் "நம்மவர் சொன்னார்" என்பதே சான்றாகிவிட்டால், விசாரித்துப் பார்ப்போம் என்பவர் துரோகியாகத் தெரிவார். அந்த நிலையில் நியாயமான கோபமும் நிரபராதியின் மேல் பாய்கிறது.

1964 ஜூலை 21, மீலாது ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்தில் 23 பேர் இறந்தனர். வதந்தியைத் தடுத்து அச்சத்தைத் தணிக்கத் தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. அண்டை அயலார் முகம் பார்த்துப் பேசியதே அவற்றின் பலம்.

இன்று புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிகளில் மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் ஒரே தளத்தில் வாழ்கின்றன. வதந்தி இப்போது கைப்பேசியில் வருகிறது. வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. பொன்விழா காணும் நம் சங்கம் இளையோருக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டும்: நம் தரப்புக்குச் சாதகமான செய்தியையே முதலில் விசாரிப்போம், அதன் பிறகே பகிர்வோம்.