எகுயி புனித மிக்கேல் சிற்றாலயம்

எகுயி புனித மிக்கேல் சிற்றாலயம் என்பது பிரான்சு நாட்டின் தென்நடுப் பகுதியில், லெ புய்-ஆன்-வெலே நகரை ஒட்டிய எகுயி என்னும் ஊரில், ஓர் எரிமலைப் பாறையின் உச்சியில் அமைந்துள்ள கத்தோலிக்க வழிபாட்டிடம் ஆகும். கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 12-ஆம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்ட இச்சிற்றாலயம் அதிதூதர் மிக்கேலின் பெயரால் நேர்ந்தளிக்கப்பட்டது. பாறையின் மேல் செல்லும் 268 படிகளில் ஏறி இதனை அடையலாம்.

அமைவிடம்

இப்பாறை ஒரு பழைய எரிமலையின் குழாயில் இறுகிப்போன பொருள்களால் ஆனது. சுற்றியிருந்த மென்மையான படிவுகள் காலப்போக்கில் அரிக்கப்பட்டுவிட, கடினமான நடுப்பகுதி மட்டும் 80 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் செங்குத்தாக எஞ்சி நிற்கிறது. எகுயி என்னும் பெயர் 'ஊசி' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் புனித மிக்கேலுக்கு உயர்ந்த இடங்களில் கோயில் எழுப்பும் வழக்கம் பழமையானது. இத்தாலியின் கார்கானோ மலையும் பிரான்சின் மோன் சான் மிசேல் குன்றும் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுகளாகும்.

தோற்றம்

லெ புய் ஆயராக இருந்த கோதெசுகால்க், 950-951-ஆம் ஆண்டுகளில் திருத்தூதர் யாக்கோபின் (சந்தியாகப்பர்) கல்லறை உள்ள சந்தியாகோ தே கொம்போசுதேலாவுக்குத் திருப்பயணம் மேற்கொண்டார். எசுப்பானியாவுக்கு வெளியிலிருந்து அங்குச் சென்றவர்களுள் பெயர் அறியப்பட்ட மிகப் பழைய பயணிகளில் இவரும் ஒருவர். வழியில் அல்பெல்தா மடத்தில், அன்னை மரியாவின் கன்னிமை பற்றி இல்தெபோன்சு எழுதிய நூலைத் தமக்காகப் படியெடுக்கச் செய்தார். கோமெசு என்னும் துறவி அப்படியில் எழுதிய முன்னுரையே ஆயரின் பயணத்துக்குச் சான்றாக உள்ளது. அக்கையெழுத்துப்படி இன்று பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பயணம் இனிதே முடிந்ததற்கு நன்றியாக ஆயரே இச்சிற்றாலயத்தைக் கட்டினார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பேராலயக் குருக்கள் குழுவின் தலைவரான துருவானுசு என்பவரே இதனைக் கட்டுவித்தார் என்பதும், ஆயர் அதற்கு இசைவளித்தார் என்பதும் நிறுவுகைச் சாசனத்தால் தெரியவருகிறது. பணிகள் 960-களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை.

விரிவாக்கமும் கட்டடக்கலையும்

முதலில் எழுந்தது சதுர வடிவிலான சிறு அறையும் அதைச் சூழ்ந்த மூன்று சிறு அரைவட்ட மாடங்களும் மட்டுமே. 12-ஆம் நூற்றாண்டில் பயணிகள் பெருகியபோது, பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிது கட்டாமல், அதனை உள்ளடக்கியே கட்டடம் விரிவாக்கப்பட்டது. உச்சியில் சமதளம் மிகக் குறைவாதலால், புதிய சுவர்களும் தூண்களும் பாறையின் விளிம்பையொட்டி வளைந்து செல்கின்றன. எனவே இதன் தரைப்படம் எந்தச் சீரான வடிவிலும் அடங்குவதில்லை. இரு காலக் கட்டடங்களையும் இன்றும் வேறுபடுத்திக் காண இயல்வதற்கு இம்முறையே காரணம்.

முகப்பில் மூவிதழ் வளைவும், பல நிறக் கற்களைப் பதித்த அணிவேலையும், வாயிலின் மேல் இரு கடற்கன்னியர் உருவங்களும் உள்ளன. முகப்பு அணிவேலையில் இசுலாமியக் கலையின் சாயலைக் காண்போரும் உண்டு.

ஓவியங்களும் புதையலும்

பழைய பகுதியின் உட்கூரையில் மாட்சிமையுடன் வீற்றிருக்கும் கிறித்து, அதிதூதர் மிக்கேல், கதிரவன், நிலவு ஆகியோரைக் காட்டும் ஓவியங்கள் உள்ளன. 1840-ஆம் ஆண்டில் பிரான்சு அரசு வெளியிட்ட வரலாற்றுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இச்சிற்றாலயம் இடம்பெற்றது. 1955-இல் நடந்த பணிகளின்போது பலிபீடத்தில் மறைந்திருந்த பொருள்கள் வெளிப்பட்டன. மரத்தாலான கிறித்து உருவத் திருப்பண்டப் பேழையும், தந்தப் பெட்டியும் அவற்றுள் அடங்கும்.

மரபுக்கதை

பழி சுமத்தப்பட்ட இளம்பெண் ஒருத்தி தன் தூய்மையை நிறுவ இப்பாறையிலிருந்து குதித்து உயிர் தப்பினாள் என்றும், இரண்டாம் முறையும் தப்பினாள் என்றும், செருக்குற்று மூன்றாம் முறை குதித்தபோது இறந்தாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

திருப்பயண மரபு

கொம்போசுதேலா செல்லும் நான்கு முதன்மைப் பிரெஞ்சு வழிகளுள் ஒன்று லெ புய்யில் தொடங்குகிறது. கோங்க், முவாசாக் ஊர்களைக் கடந்து பிரனீசு மலைத்தொடரைத் தாண்டும் அவ்வழி, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் நீளமுடையது. பிரான்சிலுள்ள கொம்போசுதேலா வழிகளை 1998-இல் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது லெ புய் பேராலயமும் அதில் சேர்க்கப்பட்டது. இன்று பயணிகள் அப்பேராலயத்திலிருந்தே புறப்படுகின்றனர். எனினும், இவ்வழியின் பழமைக்குச் சான்றாகக் கூறப்படும் ஆயரின் காலத்தில் எழுந்த கட்டடப் பகுதி, இப்பாறையின் மேல் இன்றும் நிலைத்துள்ளது.